முக்கால் மூட்டை

ஞானம்மா எனக்கு அக்கா முறை. அவள் அம்மாவும் என் அம்மாவும் கூடப் பிறந்தவர்கள். அவள் அம்மா மூத்தவள். பாக்கியநாதனைப் பெற்ற கையோடு காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டு சூளூர்ப்பேட்டைப் பக்கம் போனவர்தான், அப்புறம் நல்லது கெட்டதுக்குக்கூட எட்டிப் பார்க்கவில்லை. தம்பியை வளர்த்தது ஞானம்மாதான். கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்குப் போனபோதும் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டே போனாள். மாப்பிள்ளை ஆசீர்வாதம் பொன்னேரி ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவன், நல்ல மனுஷன். "பொண்ணுக்கு இன்னா சீர் குடுத்தாங்கன்னு கேக்கறாங்க. ஒரு மச்சானக் குடுத்தாங்கன்னு சொல்லிட்டேன்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

கவரப்பேட்டைக்கு மேற்கே எங்கள் தெரு. அப்போது எங்களுக்கு அடுத்தவர் நிலத்தில்தான் வேலை, நெல்லாகத்தான் கூலி. எங்களுக்கு அளந்து கொடுக்கிறபோது மரக்காலின் தலையைக் கையால் வழித்துவிட்டுத்தான் போடுவார்கள். கடன் நெல்லை எங்களிடம் திருப்பி வாங்குகிறபோது மட்டும் மரக்கால் கும்பமாக நிற்க வேண்டும். அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, எங்கள் ஜனத்துக்கு ஒரு வைராக்கியம் இருந்தது. இன்னொருத்தருக்கு என்று நாம் ஒரு சாக்கை நிரப்பினால் வாய் வரைக்கும் நிரப்ப வேண்டும். குச்சி விட்டுக் குத்தி, தரையில் தட்டி, மறுபடி நிரப்ப வேண்டும். குறைவாகக் கட்டினவள் வீட்டில் பெண் எடுக்கவே யோசிப்பார்கள். ஞானம்மா கட்டின மூட்டையைத் தட்டினால் மத்தளம் மாதிரி சத்தம் வரும்.

சீனாச் சண்டை முடிந்த கையோடு பாக்கியநாதன் பட்டாளத்தில் சேர்ந்தான். அங்கே லாரி ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். கிழக்கே எங்கோ மலைப்பக்கம் போட்டார்கள். முதல் லீவில் வந்தவன் பாதி உடம்பாக இளைத்திருந்தான். ஞானம்மா கருவாட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டே விசாரித்தாள்.

"அங்க சண்ட நடக்குதாடா?"

"சண்டன்னா ரெண்டு பக்கமும் ஆளு நிக்கணும்கா. அங்க ஒருத்தனையும் காணோம். ஊட்டுலயே வெடி செஞ்சி எடுத்தாந்து ரோட்டுல பொதைச்சிட்டுப் பூடறாங்க. அது பாட்டுக்கு மண்ணுக்கு அடியில தூங்கிக்கினு கெடக்குது. லாரி சக்கரம் ஏறினா முழிச்சிக்குது."

"எந்தச் சக்கரம்?"

"முன் சக்கரந்தான் மொதல்ல ஏறும்."

"நீ எங்க உக்காருவே?"

"இன்னாக்கா கேள்வி இது? முன் சக்கரத்துக்கு நேர் மேலதான். டிரைவரு பின்னால படுத்துக்கினா ஓட்டுவான்?"

ஆசீர்வாதம் சிரித்தான். ஞானம்மா சிரிக்கவில்லை. கரண்டி கையிலேயே நின்றது. அன்றையிலிருந்து அவளுக்கு அந்த ஒரே நினைப்புதான். மாட்டு வண்டி பள்ளத்தில் இறங்கினால்கூட முன் சக்கரத்தைத்தான் பார்ப்பாள்.

இன்றைக்குக் கும்மிடிப்பூண்டியில் கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் அப்போது வேலிக்காத்தான் காடு. அதன் ஓரத்தில் சுப்பராயன் என்று ஒரு தெலுங்குக்காரர் சாக்கு கோடவுன் வைத்திருந்தார். ஆந்திராவிலிருந்து வருகிற மிளகாய்ச் சாக்கு, நெல் சாக்கு எல்லாம் கிழிசல் தைத்து விற்பார். நடவு இல்லாத நாட்களில் நாங்கள் நாலைந்து பெண்கள் அங்கே போய்க் கோணி ஊசி பிடித்துத் தைப்போம். அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

அறுபத்தெட்டோ ஒன்பதோ, சரியாக நினைவில்லை. ஒரு நாள் நைனா ஒரு ஜீப்பில் வந்து இறங்கினார். கூட ஒரு மனுஷர். நெற்றியில் ஒற்றை ஸ்ரீசூர்ணக் கோடு, கையில் அளவு நாடா. பேர் வீரராகவன். திருவள்ளூர்க்காரர், அங்கே பெருமாள் கோயிலில் அவர் தகப்பனார் கைங்கரியம். இவர் மட்டும் இஞ்சினியருக்குப் படித்துவிட்டு, ஆவடிக்கு அப்பால் ராணுவ வண்டிகளைச் செப்பனிடுகிற ஒரு ஷெட்டில் வேலையாக இருந்தார்.

"கண்ணி வெடி மேல லாரி ஏறினா உள்ள இருக்கறவா பிழைக்கணும். அதுக்குத்தான் வழி பாத்துண்டிருக்கோம்" என்றார். "இரும்புத் தகடு போடலாம்னு யோசனை. அது வந்து சேர ரொம்ப நாளாகும். அதுவரைக்கும் டிரைவர் காலடியிலயும் பின்தட்டுலயும் மணல் மூட்டை பரப்பலாம். சின்னச் சாக்கா தைக்கணும். மணலை முக்கால் வாசி நிரப்பிக் கட்டினாப் போதும். முதல்ல ஒரு லாரிக்குப் பண்ணிப் பார்ப்போம்."

ஞானம்மா எழுந்து நின்றுவிட்டாள். "எந்த ஊரு லாரிக்கு சார்?"

"எல்லா ஊருக்கும்தான்மா. மலைப்பக்கம் போற லாரிக்கு முதல்ல."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடக்கிறபோது அவள் என்னிடம் சொன்னது அப்படியே காதில் நிற்கிறது. "செண்பகம், கர்த்தரு என் கையிலயே கொண்டாந்து குடுத்துட்டாரு பாத்தியா. என் தம்பி காலுக்கு அடியில வெக்கிற மூட்டைய நானே கட்டப் போறேன்."

ஆரணி ஆற்று மணலைச் சலித்தோம். சாக்கு தைத்தோம். நிரப்புகிறபோதுதான் கஷ்டம். முக்கால் என்று அந்த மனுஷர் சொன்னது எங்கள் யாருக்கும் மனசில் ஒட்டவில்லை. முக்காலில் நிறுத்தினால் மூட்டை தொளதொளவென்று தலை சாய்ந்து, பட்டினி கிடந்தவன் மாதிரி நிற்கிறது.

"கவர்மெண்டுல மணலுக்குக்கூடக் கஞ்சத்தனமா?" என்றேன் நான்.

"அவங்க சொல்லிட்டுப் போவாங்க" என்றாள் ஞானம்மா. "என் தம்பி உக்கார்ற எடத்துல கொறச்சலாவா வெப்பேன்?" குச்சியை விட்டுக் குத்தினாள். இரண்டு கை மணல் கூடுதலாகப் போட்டாள். நாங்களும் அப்படியே செய்தோம். நைனா வந்து தட்டிப் பார்த்துவிட்டு, "பலே, பூசணிக்கா மாதிரி இருக்குது" என்று மெச்சினார். மூட்டைகளை அவரே லாரியில் ஏற்றி ஆவடிக்கு அனுப்பினார்.

வெடி வைத்துப் பார்க்கிற சோதனைக்கு எங்களையும் வரச் சொல்லியிருந்தார்கள், அடுக்குவதற்கு ஆள் வேண்டுமென்று. ரயிலேறிப் போனோம். ஊருக்கு வெளியே பெரிய பொட்டல். நடுவில் ஒரு பழைய லாரி. அதில் மூட்டைகளை அடுக்கினோம். வீரராகவன் அன்று மேலதிகாரிகளோடு அளவெடுக்கிற கருவிகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார், மூட்டையைத் தொட்டுப் பார்க்க அவருக்கு நேரம் வரவில்லை. அங்கே சடையப்பன் என்று ஒரு ஹவில்தார், சேலம் பக்கத்து ஆள், வாய்த்துடுக்கு. மனுஷருக்குப் பதிலாக மண்பானைகளில் தண்ணீர் நிரப்பி ஒவ்வொரு சீட்டிலும் கயிறு போட்டுக் கட்டினார். ஞானம்மா டிரைவர் சீட்டுப் பானையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, பானைக்கு நாஷ்டா குடுத்தியா?" என்றார் சடையப்பன், எங்கள் பேச்சையே கற்றுக்கொண்டு.

"நீ மொதல்ல கயித்த இறுக்கிக் கட்டு" என்றாள் அவள்.

எங்களைத் தூரத்தில் மண்மேட்டுக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். முன் சக்கரத்துக்குக் கீழே வெடித்தது. வயிற்றுக்குள்ளே யாரோ குத்தின மாதிரி இருந்தது. புழுதி அடங்கினதும் போய்ப் பார்த்தோம். பின்தட்டுப் பானைகள் முழுசாக நின்றன. டிரைவர் பானை இல்லை. ஓட்டாஞ்சில்லும் ஈரமும்தான் இருந்தன.

ஞானம்மா உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சீட்டில் ஒட்டியிருந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மேலதிகாரி ஒருவர் இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். சடையப்பன்தான் எங்களுக்குச் சொன்னார்: "மணல் மூட்டைக் கதைய மூடுங்க, தகடு வரும்போது பாத்துக்கலாம்னு சொல்லிட்டுப் போறாரு. நம்ம சார் கெஞ்சிக் கூத்தாடி இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டு வாங்கியிருக்காரு."

"தகடு வர்ற வரைக்கும்?" என்றாள் ஞானம்மா.

"வர்ற வரைக்கும் இப்ப எப்படியோ அப்படித்தான். வெறும் பலகை."

அதைக் கேட்டதும் எழுந்து நேராக வீரராகவன் முன்னால் போய் நின்றாள். அவர் லாரிக்கு அடியில் குந்தி, கிழிந்த மூட்டை ஒன்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நான் முக்கால்தானே சொன்னேன்? இது கல்லு மாதிரி இருக்கே."

நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். அவள் மட்டும் சொன்னாள்: "நாந்தான் சார் ரொப்புனேன். என்னப் பாத்து இவங்களும் ரொப்புனாங்க. என் தம்பி அந்த மலையில லாரி ஓட்டறான். கொறச்சலா வெக்க மனசு வரல."

அவர் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். மூட்டையை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். பிறகு, "முக்கால்னு சொன்னவன் ஏன்னு சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டுட்டேன். பாக்காமயே அடுக்கவும் விட்டுட்டேன்" என்றார். "யாராவது ஒரு குடம் தண்ணி கொண்டு வாங்கோ."

இருந்தது ஒரே குடம், நாங்கள் குடிக்கக் கொண்டுபோனது. தயங்கித் தயங்கி நீட்டினேன். அவர் ஒன்றும் நினைக்காமல் வாங்கி, தரையில் எங்கள் மத்தள மூட்டைகளை நெருக்கி அடுக்கி, மேலே ஊற்றினார். தண்ணீர் நிற்கவே இல்லை. மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவில் இறங்கி அடியில் ஓடியது.

"பூசணிக்காயை எவ்வளவு நெருக்கி வெச்சாலும் நடுவுல சந்து இருக்குமா இல்லையா? தண்ணி போற சந்துல வெடி வராதா?"

பிறகு ஒவ்வொரு மூட்டையாக அவிழ்த்து, மணலைக் குறைத்துக் கட்டி, மறுபடி பரப்பினார். இந்தத் தடவை மூட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று தலை சாய்த்துப் படுத்துக்கொண்டன. மீதித் தண்ணீரையும் ஊற்றினார். அது மேலேயே கொஞ்ச நேரம் நின்று, மெல்ல மெல்ல ஊறியது.

"குடிக்க வெச்ச தண்ணி மொத்தமும் பூடுச்சே" என்று எனக்குப் பின்னால் ஒருத்தி முணுமுணுத்தாள். அவர் காதில் விழுந்துவிட்டது. "அடடா" என்று குடத்தைத் தானே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஷெட் குழாய்க்குப் போய்ப் பிடித்துக்கொண்டு வந்தார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. எங்கள் குடத்தைத் தொடாமல் எட்ட நின்று தண்ணீர் ஊற்றின மனுஷர்களையே பார்த்திருந்தோம் நாங்கள். அவர் போன பிறகும் வெகுநேரம் யாரும் அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் ஞானம்மா முதலில் மொண்டு குடித்தாள்.

கொஞ்ச நாள் கழித்து இரண்டாவது சோதனை. மணலை முக்காலில் நிறுத்துவது எங்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. கை தானாக மண்ணுக்குப் போகும். ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு நிரப்பினோம் என்றுதான் சொல்ல வேண்டும். லாரியில் பரப்பினதும் வீரராகவன் ஓரத்தில் விரல் விட்டுப் பார்த்தார். அங்கங்கே இன்னும் சந்து இருந்தது. நெற்றியைச் சுருக்கினார்.

"சார், வரப்பு போட்டா மண்ண வெச்சிட்டு அப்படியே உட மாட்டோம்" என்றாள் ஞானம்மா. "காலால மிதிச்சி ஒண்ணாக்குவோம். இல்லாட்டி தண்ணி ஒழுவும். ஏறி மிதிக்கட்டுமா?"

"மிதிங்கோ, மிதிங்கோ!" என்றார் அவர்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எல்லோரும் ராணுவ லாரியில் ஏறினோம். வரிசையாக நின்று, குதிகாலை அழுத்தி அழுத்தி மிதித்தோம். பட்டாளத்துப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள்.

"இன்னா, லாரில நாத்து நடப் போறீங்களா?" என்று கத்தினார் சடையப்பன்.

"நீ வந்து ஒரு பத்தி நட்டுப் பாரு, அப்பால பேசு. இடுப்பு ஒடிஞ்சி பட்டாளமே வேணாம்னு ஓடிப் பூடுவே" என்றாள் ஞானம்மா. அவர் கூட்டாளிகள் கைதட்டிச் சிரித்தார்கள்.

டிரைவர் சீட்டில் புதுப் பானை கட்டினார்கள். கயிற்றை ஞானம்மாவே ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். மேட்டுக்குப் பின்னால் அவள் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். வெடித்தது. யாரும் எழவில்லை. முதலில் ஓடியது சடையப்பன். ஓடினவர் லாரி மேல் ஏறி நின்று, "உயிரோட இருக்கான்! டிரைவரு உயிரோட இருக்கான்!" என்று கையை ஆட்டினார். பானையைத்தான் சொன்னார். முன் சக்கரம் எங்கோ போய்விட்டது, லாரி மூக்கு மண்ணில் குத்தியிருந்தது. பானை ஒரு பக்கம் சாய்ந்து, கொஞ்சம் தண்ணீரைச் சிந்திவிட்டு, முழுசாக இருந்தது. ஞானம்மா ஏறி அதைக் கட்டிக்கொண்டாள். வீரராகவன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கோடவுனுக்கு வேலை குவிந்தது. காலிச் சாக்காகத் தைத்து அனுப்ப வேண்டும், மணலை அங்கங்கே இருக்கிற பட்டாளத்துக்காரர்களே நிரப்பிக்கொள்வார்கள். கட்டு கட்டுகிறபோது ஞானம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. அடுத்த தடவை வீரராகவன் வந்தபோது சொன்னாள்.

"சார், அங்க ரொப்பறவங்களும் எங்கள மாதிரி ஊட்டுப் புள்ளைங்கதானே? முக்கால்னு எழுதி அனுப்பினாலும் கை நிக்காது, வாய் வரைக்கும் ரொப்பிடுவாங்க. கழுத்துல செவப்பு நூல் ஓட்டி அனுப்பலாமா? அத்தோட நிறுத்து, அங்க கட்டுன்னு பாத்தாலே தெரியும்."

மிளகாய்ச் சாக்குக்கு அடையாளம் வைக்க நைனாவிடம் சிவப்புச் சணல் நூல் கண்டு கண்டாக இருந்தது. வீரராகவன் ஒரு சாக்கைக் கையில் வாங்கி, நூல் எங்கே ஓட வேண்டும் என்று அளந்து கோடு போட்டுக் கொடுத்தார். அதன் பிறகு எல்லாச் சாக்கிலும் அந்த நூல் ஓடியது. மற்ற ஊர்களில் தைக்கிறவர்களுக்கும் அப்படியே தைக்கச் சொல்லி அனுப்பினதாகப் பின்னால் சொன்னார்.

அடுத்த வருஷம் அறுப்புக் காலத்தில் பாக்கியநாதன் ஊருக்கு வந்தான். வருகிற சேதி முன்னாடியே வரவில்லை. ஒரு மத்தியானம் ஸ்டேஷன் பக்கமிருந்து நடந்து வந்தான், ஒரு காலை லேசாகச் சாய்த்துக்கொண்டு. ஞானம்மா களத்திலிருந்து ஓடி வந்தாள்.

"காலுக்கு இன்னாடா ஆச்சு?"

"இன்னா?"

"காலுடா, காலு!"

"இந்தப் பக்கம் வந்து பேசுக்கா, அந்தக் காது கேக்கல. மண்ணுக்கு அடியில தூங்கிக்கினு கெடக்கறான்னு சொன்னேனே, அவன நாந்தான் எழுப்பிட்டேன்."

ஆசீர்வாதம்தான் அவனை உட்கார வைத்து ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தான். அவன் குடித்துவிட்டுச் சொன்னான்: முன் சக்கரம் பறந்துபோனது. லாரியோடு சேர்த்து இவனையும் தூக்கிப் போட்டது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது இரண்டு காலும் இருக்கிறதா என்று போர்வையைத் தூக்கிப் பார்த்தானாம்.

"பின்னால உக்காந்திருந்த பசங்க அத்தினி பேரும் எழுந்து நடந்து போனாங்க. காலடியில மணல் மூட்ட போட்டிருந்தாங்கக்கா. அதாலதான். புதுசா வந்த சாக்கு. நாங்ககூட ஆரம்பத்துல திட்டுவோம், இன்னாடா இது அர மூட்டையும் கொற மூட்டையுமா ரொப்பச் சொல்றாங்க, மணலுக்குக்கூடப் பஞ்சமான்னு."

"கழுத்துல நூல் ஓடியிருந்திச்சா?" என்று கேட்டாள் ஞானம்மா.

"ஆமா. செவப்பு நூலு. உனக்கு எப்டித் தெரியும்?"

அவன் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான்தான் எல்லாக் கதையையும் அவன் நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்து சொன்னேன். அது நாங்கள் தைத்த சாக்கா, வேறு ஊர்ப் பெண்கள் தைத்ததா, யாருக்குத் தெரியும்? அதைச் சொன்னபோது ஞானம்மா, "யாரு தெச்சா இன்னா? அந்தக் கையி நல்லா இருக்கட்டும்" என்றாள்.

அந்த வாரமே கோயிலில் அறுப்பின் பண்டிகை. கூலியாக வந்த நெல்லில் முதல் பங்கைப் பீடத்துக்கு முன்னால் வைத்து ஜெபித்த பிறகு, வெளியே வேப்ப மரத்தடியில் ஏலம் விடுவார்கள். அவரவர் வீட்டு மூட்டை புடைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டிலும் போட்டி. ஞானம்மாவும் ஒரு மூட்டை நெல் கொண்டுவந்து வைத்தாள். கழுத்தில் சிவப்பு நூல். நெல்லும் அந்த நூல் வரைக்கும்தான். மற்ற மூட்டைகளுக்கு நடுவில் அது தலை சாய்த்துக்கொண்டு நின்றது.

ஜனங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ஏலம் போடுகிற ராஜமாணிக்கம் அதைத் தூக்கிக் குலுக்கினார். "இன்னா ஞானம்மா, தம்பி உயிரோட வந்ததுக்கு முக்கா மூட்டதானா? கர்த்தருக்கே கொறச்சு அளக்கறியா?"

"அவருக்குத் தெரியும், எது வரைக்கும் ரொப்பணும்னு" என்றாள் அவள்.

கேலி செய்துகொண்டே ஏலம் கூறினார். யாரும் கேட்கவில்லை. குறை மூட்டையை யார் எடுப்பார்கள்? மூன்றாம் தடவை கூவுகிறபோது, "நான் எடுத்துக்கறேன்" என்று பின்னாலிருந்து குரல். பாக்கியநாதன். நொண்டி நொண்டி முன்னால் வந்தான். பையில் இருந்த பணத்தை எடுத்து ராஜமாணிக்கம் கையில் வைத்தான். மூட்டையை இழுத்து வேப்ப மரத்தடியில் சாய்த்துப் போட்டான். காலால் ஒரு மிதி மிதித்தான். பிறகு அதன் மேல் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி கையை வைத்துக்கொண்டு ஊரைப் பார்த்துச் சிரித்தான்.

"இது மேல உக்காந்துக்கினுதான் ஊட்டுக்கு வந்து சேந்தேன்" என்றான்.

ராஜமாணிக்கம் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அங்கே யாரும் கேலி பேசவில்லை. ஞானம்மா போய்த் தம்பிக்குப் பக்கத்தில், அந்த மூட்டையிலேயே, நல்ல காதுப் பக்கமாக உட்கார்ந்துகொண்டாள். இருவருக்கும் அதில் இடம் இருந்தது.